மறுமொழி: ‘பொடியாட்ரி’க்குத் தமிழ்ச்சொல் – ‘பாதநல மருத்துவம்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

பாத நோய்களைக் கவனிக்கும் ‘பொடியாட்ரி’ (podiatry) துறைக்குத் தமிழ்ச்சொல் தேடி நான்கு நாட்களாக ஓடும் இந்த இழையில் ‘கால் மருத்துவம்’, ‘அடி மருத்துவம்’, ‘பாதவியல்’ என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. இந்தச் சொல் அடுத்த வாரம் ஒரு மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் ஏறப்போகிறது. பலகையில் ஏறிய சொல்லை இறக்குவது கடினம் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘கால்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே, வேறு சொல் எதற்கு?

ஐயா, தமிழில் கால் என்பது தொடையில் தொடங்கி விரல் நுனியில் முடிகிறது. முழங்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால் எல்லாமே கால்தான். ஒரு முகாமுக்கு ‘இலவசக் கால் பரிசோதனை’ என்று எழுதிக் கொடுத்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் மூட்டு வலிக்காரர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘காலை எடுக்க வேண்டும்’ என்று ஒருவரிடம் சொல்லும்போது, எடுக்கப்போவது சுண்டுவிரலையா, பாதத்தின் முன்பகுதியையா, முழங்காலுக்குக் கீழ் முழுவதையுமா என்பது அவருக்குத் தெரிவதில்லை. பயந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். ஒரு விரலோடு போயிருக்க வேண்டியது அதற்குள் மேலேறிவிடுகிறது.

‘அடி’ அருமையான சொல். குறளின் முதல் அதிகாரத்திலேயே தாளும் அடியும் வந்துவிடுகின்றன. ஆனால் இன்று தாள் என்றால் காகிதம். ‘அடி மருத்துவம்’ என்ற பலகையைப் பார்க்கிறவர் அடிபட்டவர்களுக்கு மருந்து கட்டும் இடம் என்றுதான் நினைப்பார். திருவடி, காலடி, அடிச்சுவடு ஆகிய கூட்டுச்சொற்களில் உயிரோடு இருக்கும் பொருள், அடி தனியே நிற்கும்போது போய்விட்டது.

‘பாதவியல்’ பொருளிலேயே இடறுகிறது. ‘பொடியாட்ரி’ கிரேக்க வேர்களிலிருந்து வந்த சொல், அதன் பின்பாதி மருத்துவரைக் குறிப்பது. உளவியல் வேறு, மனநல மருத்துவம் வேறு என்று நாம் பிரித்தே வைத்திருக்கிறோம். இங்கும் அந்தக் கோட்டை அழிக்க வேண்டாம்.

இனி, இந்தச் சொல்லில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய். வலது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே கால் ஆணி. ‘ஆணி’ என்ற சொல்லை அவர் அப்படியே நம்பினார். உள்ளே இறங்கியிருக்கிறது, வேரோடு பிடுங்கினால்தான் போகும் என்று சவர பிளேடால் தோண்டினார். வலிக்கவே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். வலிக்காததுதான் ஆபத்து, பாதம் உணர்ச்சி இழந்ததன் அடையாளம் அது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு மருந்துக் கடையில் கார்ன் கேப் என்ற கால் ஆணி மருந்துப் பட்டையை வாங்கி ஒட்டினார். அதிலுள்ள சாலிசிலிக் அமிலத்துக்குத் தடித்த தோல், நல்ல தோல் என்ற வேறுபாடு கிடையாது. சர்க்கரை நோயாளிகள் தாமாக வாங்கி ஒட்டக் கூடாத பொருள் அது. பத்து நாளில் அந்த இடம் புண்ணாயிற்று.

பாதப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். அவர் அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெளிவிளிம்பு தேய்ந்திருந்தது. பிறகு அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு நைலான் இழையின் நுனியைப் பாதத்தில் இடம் இடமாக வைத்து அழுத்தினார். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் இழை அது. “தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் ஐயா” என்றார். பாதத்தின் நடுவளைவில் வைத்ததும் அப்பா “உம்” என்றார். பெருவிரலில் வைத்தார், இழை வில்லாக வளைந்தது. அப்பா பேசவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

புண்ணைச் சுற்றிய தடித்த தோலை அவர் சிறு கத்தியால் மெல்லச் சீவி எடுத்தார். அந்த இடத்தில் பாரம் விழாதபடி செருப்புக்குள் மெத்தை வெட்டி வைத்தார். கால் ஆணிக்கு வேர் கிடையாது, ஓயாமல் விழும் அழுத்தத்தில் தோல் இறுகிக் கூம்பாகிவிடுவதுதான் அது, அழுத்தம் விலகாதவரை வெட்ட வெட்டத் திரும்ப வரும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ‘கால் ஆணி’யை மாற்றச் சொல்லவில்லை. பித்தவெடிப்பு, சேற்றுப்புண், நகச்சுத்தி போல அதுவும் மக்கள் சொல், இருக்கட்டும். ஆனால் அப்பாவின் கையில் பிளேடைக் கொடுத்ததில் அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு.

அந்தப் பணியாளர் மருத்துவர் அல்லர். இங்கேதான் அடுத்த முடிச்சு. அமெரிக்காவில் இந்தத் துறையினர் நான்காண்டுத் தனிப்பட்டம் பெற்று அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். பிரிட்டனில் இளநிலைப் பட்டம் முடித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாதவர் ‘பொடியாட்ரிஸ்ட்’ என்ற பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். நம் மருத்துவமனைகளிலோ அறுவை மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் எனப் பலர் இதைப் பகிர்ந்து செய்கிறார்கள். எல்லோரையும் ‘பாத மருத்துவர்’ என்றால் நோயாளியை ஏமாற்றியதாகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை ‘பாதநலம்’. மனநலம் எப்படி மனநல மருத்துவர், மனநல ஆலோசகர் என்று கிளைவிட்டதோ அப்படியே பாதநல மருத்துவம், பாதநல மருத்துவர், பாதநல வல்லுநர், பாதநலச் செவிலியர், பாதநலப் பிரிவு என்று வேண்டியபடி விரிக்கலாம். பட்டம் இல்லாத இடத்தில் மருத்துவர் என்ற சொல் தானாக ஒட்டிக்கொள்ளாது. நகம் வெட்டுவது, காய்ப்பைச் சீவுவது, செருப்பைச் சரிசெய்வது என்று இந்தத் துறையின் பெரும்பகுதி புண் வருவதற்கு முந்தைய வேலை. ‘நலம்’ அதையும் சொல்லிவிடுகிறது.

பாதம் வடசொல் என்ற மறுப்பு வரும் என்று தெரியும். பாதயாத்திரை போகிறவரும் பாதசாரியும் நம்மோடுதான் நடக்கிறார்கள். கணுக்காலுக்குக் கீழே என்று ஐயமின்றிக் காட்டும் சொல் நம் பேச்சில் இது ஒன்றுதான்.

இந்தத் துறை நமக்கு முற்றிலும் அயலானதும் அல்ல. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் சிதைவதற்கு உணர்ச்சியற்ற இடத்தில் விழும் அழுத்தமும் கவனிக்கப்படாத காயமுமே பெரும் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அங்கும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்த பணிகளோடு பரவிய எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள். அந்தப் பெயரை யாரும் தமிழாக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

இரண்டு சொற்கள் இன்னும் பிடிபடவில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும் வலி, உள்ளங்காலின் தசைநார்ப் பட்டையில் வருவது. ‘குதிகால் வலி’ என்று விட்டுவிட மனமில்லை. பெருவிரல் சாய்ந்து அதன் அடிமூட்டு வெளியே துருத்துவதற்கு ‘பெருவிரல் மூட்டுப் புடைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், நீளமாக இருக்கிறது. உங்கள் ஊர்களில் பாட்டிமார் இவற்றுக்கு ஏதாவது பெயர் சொல்வார்களானால் தெரிவியுங்கள்.

பலகை எழுதுபவருக்கு வெள்ளிக்கிழமை சொல்லைக் கொடுத்தாக வேண்டும். ‘பாதநலப் பிரிவு’ என்பதற்கு மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து