புதுப்பிப்பு: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் 'டொய்ங்' அதிர்வு

ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்திச் சுடும் இந்தத் துப்பாக்கியில், சுட்டதும் எழும் 'டொய்ங்' அதிர்வை அடக்க ஸ்பிரிங்கில் கெட்டி கிரீஸ் பூசலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதி வைத்தியம்தான். கூடுதலாகப் பூசினால் பெல்லட்டின் (குண்டின்) வேகம் குறையும். பெரும்பாலும் மூலகாரணம் ஸ்பிரிங்குக்கும் அதற்குள் நிற்கும் தண்டான உள் கைடுக்கும் நடுவிலுள்ள இடைவெளி.

கைடு ஆடவே கூடாது. கையால் தள்ளினால் இறுக்கமாக ஏற வேண்டும். அமுங்கும்போது ஸ்பிரிங்கின் விட்டம் லேசாக விரியும், அதனால் சிக்காது. ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்க லேத் பட்டறையில் டெல்ரின் (கெட்டி பிளாஸ்டிக்) தண்டில் கைடைக் கடையச் சொல்லுங்கள். அளவுச்சீட்டு மட்டும் போதாது, ஸ்பிரிங்கையே கொண்டு போங்கள். அதன் முனைகளை 400, 800, 1200 வாட்டர் பேப்பரில் வரிசையாக மழுக்குங்கள். பிசிறு இருந்தால் பிஸ்டன் முறுக்கிக்கொண்டு உராயும்.

பிரிக்கும்போது பெல்லட் இல்லை என்று உறுதிசெய்து, தச்சர்களின் நீளக் கிளாம்பில் துப்பாக்கியைப் பூட்டிய பிறகே, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பின்னை (pin) தட்டிக் கழற்றுங்கள். ஸ்பிரிங் சீறிப் பாய்ந்தால் விரல் போய்விடும்.

மாலிப்டினம் கிரீஸ் பிஸ்டன் பக்கவாட்டில் மெல்லிய பூச்சாகப் போதும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் சீலுக்கு முன்னால் துளி எண்ணெய்கூட வேண்டாம்: அழுத்தத்தில் காற்று சூடேறி அதைப் பற்றவைக்கும், புகை, வெடிச்சத்தம், கருகிய சீல். காசிமேட்டு உப்புக்காற்றுக்குப் பயந்து துளைக்குள் எண்ணெய் அடிப்பவர்கள் இதைத்தான் வரவழைக்கிறார்கள். வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

பூட்டியபின் நூறு பெல்லட் சுட்டுவிட்டு, ஸ்டாக் (துப்பாக்கிக் கட்டை) திருகுகளை மறுபடி இறுக்கிய பிறகே குறியைச் சரிபாருங்கள்.