ரத்தம் ஏற்றும்போது குளிர் காய்ச்சல்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மன்னார்குடி அப்பா

என் மகளுக்கு தலசீமியா மேஜர், பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய். கைக்குழந்தையிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தப்பினால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பேக்டு செல் (ரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணு) ஏற்றுகிறோம். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதால் இதில் லீவு கிடையாது. ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் இந்தக் குளிர் காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

பை முக்கால்வாசி இறங்கியிருக்கும். பிள்ளை நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள். திடீரென்று கால் விரல்களை மடக்குவாள், "அப்பா, ஃபேனை நிறுத்து" என்பாள். மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிப்போய், உடம்பு தூக்கிப்போடும். கட்டில் கம்பி கடகடவென்று சத்தம் போடும். அப்புறம் காய்ச்சல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும். சிஸ்டர் ஓடிவந்து டிரிப்பை மூடி, அவில் (ஒவ்வாமை மருந்து) ஊசி போடுவார். "ரத்தம் ஏத்தினா ஜுரம் வரத்தான் செய்யும் சார், போகப்போகப் பழகிடும்" என்பார்கள். பழகவில்லை. முன்கூட்டியே அவிலும் பாராசிட்டமாலும் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கக் கலக்கத்தோடு நடுங்கினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தஞ்சாவூரில் ஒரு குழந்தை மருத்துவர்தான் பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளணு ஃபில்டர் போட்டுத்தானே ஏத்துறாங்க?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. பைக்கும் டியூபுக்கும் நடுவில் மாட்டுகிற வட்டமான பிளாஸ்டிக் டப்பா. அதை மாட்டத் தொடங்கிய பிறகு நடுக்கம் போய்விட்டது. எப்போதாவது உடம்பு லேசாகக் கதகதக்கும், அவ்வளவுதான். ஆனால் எல்லா இடத்திலும் அது இருப்பு இருப்பதில்லை, வெளியில் வாங்கினால் காசு. மற்ற பெற்றோர்களும், வார்டில் வேலை பார்ப்பவர்களும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற சிஸ்டர், மயிலாடுதுறை

தம்பி, பழகிடும் என்று சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாத காய்ச்சல்தான், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் குரூப் மாறிப்போன ரத்தம் ஏறினாலும் முதலில் வருவது இதே குளிர்தான். பையில் கிருமி புகுந்திருந்தாலும் இதே குளிர்தான். முதல் ஐந்து நிமிடத்தில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் செய்வது எப்போதும் ஒன்றே: ஏற்றுவதை உடனே நிறுத்து, ஊசியைப் பிடுங்காதே, புது செட்டில் நார்மல் சலைன் (உப்பு நீர்) ஓடவிடு, டாக்டரைக் கூப்பிடு. பையில் உள்ள பெயர், எண், குரூப் எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டோடு மறுபடி ஒத்துப் பார்க்க வேண்டும். முதுகு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் சிவப்பாகப் போகிறதா என்று கேட்க வேண்டும். மீதி ரத்தத்தோடு அந்தப் பையும், நோயாளியிடம் புதிதாக எடுத்த ரத்தமும் ரத்த வங்கிக்குத் திரும்பப் போக வேண்டும். பையைக் குப்பையில் போட்டுவிட்டால் பிறகு காரணம் தேட வழியே இல்லை.

காய்ச்சல் என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஏற்றும்போதோ, முடிந்து நான்கு மணி நேரத்துக்குள்ளோ, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸையோ அதற்கு மேலோ தொட வேண்டும், முன்பிருந்ததைவிட ஒரு டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஆகவே தொடங்கும் முன் வெப்பநிலை எழுதியிருந்தால்தான் பேச்சு. டெங்கு சீசனில் ஏற்கெனவே காய்ச்சலோடு வந்து படுத்தவருக்கு ரத்தத்தால் ஜுரம் வந்தது என்று நாம் பழி போடக்கூடாது அல்லவா?

கூட வருகிற சொந்தக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. வேதாரண்யம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் ரோலரை (டியூபில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம்) திறந்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட வேண்டும் என்பதே ஏதாவது தப்பு நடந்தால் உள்ளே போவது கொஞ்சமாக இருக்கட்டும் என்றுதான். இன்னொன்று, பை ஜில்லென்று இருப்பதால்தான் குளிர் வருகிறது என்று வெந்நீர் வாளியில் முக்குவது. அப்படிச் சூடாக்கினால் சிவப்பணு உடைந்துபோகும், அது காய்ச்சலைவிடப் பெரிய வம்பு. பயந்துகொண்டு ரொம்ப மெதுவாக ஓட்டுவதும் கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

திருத்துறைப்பூண்டி மருமகள்

என் கதை வேறு மாதிரி. மூன்றாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரத்தம் ஏற்றினார்கள், முதல் பையிலேயே வெடவெடவென்று நடுக்கம். எங்கள் மாமியார் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்: ரத்தம் கொடுத்த என் மச்சான்தான் காரணம், அவன் முந்தின நாள் தண்ணி போட்டிருப்பான். பாவம், அந்தப் பையன் பிள்ளையைப் பார்க்கக்கூட வீட்டுக்கு வரவில்லை.

பிறகு டாக்டரம்மா சொன்னது: மச்சான் கொடுத்த ரத்தம் எனக்கு ஏறவே இல்லை, அது இருப்பில் சேர்ந்தது, எனக்கு வந்தது ஏற்கெனவே சோதித்து வைத்திருந்த வேறு யாருடையதோ. காரணம் இருந்தது என் உடம்பில்தான். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அப்பா வழி அடையாளங்கள் பாதி உண்டு. அதைப் பார்த்துப் பார்த்து, அன்னிய வெள்ளணுக்களுக்கு எதிராக அம்மா உடம்பு எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்ளுமாம். பிரசவம் கூடக்கூட அதுவும் கூடுமாம். யாரோ ஒருவருடைய வெள்ளணு ரத்தத்தோடு உள்ளே வந்ததும் சண்டை, அந்தச் சண்டைதான் ஜுரம். மாமியாரிடம் இதை விளக்கினேன். "அப்ப என் பிள்ளை மேல தப்புங்கிறியா?" என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

ரத்த வங்கி டெக்னீஷியன், கும்பகோணம்

அக்கா சொன்னது சரியான விளக்கம். மன்னார்குடி சார் மகளுக்கும் அதேதான், பிரசவத்துக்குப் பதில் பல பேருடைய ரத்தம் திரும்பத் திரும்ப ஏறியதால் வந்தது. சிவப்பணு கேட்டு வாங்குகிற பையில், ஒன்றும் செய்யாமல் விட்டால், ஏறக்குறைய நூறு கோடி வெள்ளணுக்கள் கூடவே இருக்கும். வழக்கமான ரத்த செட்டில் உள்ள வலையின் கண் 170 முதல் 200 மைக்ரான் அளவு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கட்டிகளைப் பிடிக்கும், பத்துப் பன்னிரண்டு மைக்ரான் வெள்ளணுவைப் பிடிக்காது. நெல் சலிக்கிற சல்லடையில் மாவு சலிக்கிற கதை. வெள்ளணு ஃபில்டர் அதை 50 லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடும்.

ஆனால் ஃபில்டரை எப்போது போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பை ஃபிரிட்ஜில் இருக்கிற நாட்களில் வெள்ளணுக்கள் சும்மா இருப்பதில்லை, காய்ச்சலைக் கிளப்புகிற சைட்டோகைன் என்ற பொருட்களை வெளியே விடும். படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுகிற ஃபில்டர் அணுவைப் பிடிக்கும், அவை ஏற்கெனவே விட்டதைப் பிடிக்காது. உங்கள் மகளுக்கு அவ்வப்போது கதகதப்பு வருகிறது என்றீர்களே, அதற்கு இது காரணமாக இருக்கலாம். ரத்தம் எடுத்த கையோடு, சேமிக்கும் முன்பே வடிகட்டிய பை கேளுங்கள். அது கிடைக்காத இடத்தில், வெள்ளணுப் படலத்தை மட்டும் பிரித்து நீக்கிய பை ஓரளவுக்கு உதவும். அதற்கும் அடங்காவிட்டால் சலைனில் கழுவிய சிவப்பணு உண்டு. கழுவினால் 24 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அவில் பற்றி: அரிப்பு, தடிப்பு வந்தால் அது கைகொடுக்கும். காய்ச்சலைத் தடுக்க அதற்கு வேலையே இல்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பெரிய பலன் தெரியவில்லை. பழக்கம் என்பதால் போடுகிறார்கள். இத்தனைக்கும், கொடையாளரின் வெள்ளணுக்களும் தட்டணுக்களும்தான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று 1957-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பிரிட்டனில் 1999-லிருந்து எல்லாப் பைகளுக்கும் வெள்ளணு நீக்கம்தான் (அவர்கள் அதை ஆரம்பித்தது மாட்டு மூளை நோய்க்குப் பயந்து, காய்ச்சலுக்காக அல்ல). நம் நாட்டில் எல்லோருக்கும் என்று இன்னும் வரவில்லை. செலவு உண்மைதான், அதனால் மாதாமாதம் ஏற்றுகிறவர்களுக்காவது முதலில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

2012 டிசம்பரில் நம் நாட்டில் தொடங்கிய ஹீமோவிஜிலன்ஸ் (ரத்தம் ஏற்றுவதைக் கண்காணிக்கிற) திட்டத்தில், ரத்தம் ஏற்றியதால் வந்த பாதிப்புகளைப் பதிவு செய்யப் படிவமே இருக்கிறது. "சாதாரண ஜுரம்தானே" என்று வார்டில் எழுதாமல் விட்டால் எங்களுக்குச் சேதி வராது. அடுத்த தடவையும் அதே மாதிரி பைதான் போகும்.

நாகை பையன்

அப்பாவுக்கு கீமோ நடக்கிறது, பிளேட்லெட் (தட்டணு) ஏற்றும்போது நடுக்கம் வருகிறது. அதற்கும் இதே ஃபில்டர்தானா? வெளியூரிலிருந்து எடுத்துவரும்போது ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள், அது சரியா?

ரத்த வங்கி டெக்னீஷியன், கும்பகோணம்

தம்பி, பிளேட்லெட்டை ஐஸில் வைக்கவே கூடாது. 20 முதல் 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இங்கே ஆட்டிக்கொண்டே வைத்திருப்போம், ஆயுளும் ஐந்து நாள்தான். ஏசி காரில், ஐஸ் இல்லாத பெட்டியில் எடுத்து வாருங்கள். குளிரில் இல்லாததால் அதில் வெள்ளணுக்கள் விடுகிற சைட்டோகைனும் அதிகம், அதனால்தான் சிவப்பணுவைவிட பிளேட்லெட்டுக்கு நடுக்கம் கூடுதலாக வருகிறது. அதே காரணத்தால் கிருமி வளரவும் அதில் வாய்ப்பு கூடுதல், ஆகவே உங்கள் அப்பாவுக்கு வரும் நடுக்கத்தை லேசாக எடுக்காதீர்கள். ஃபில்டர் வேறு, சிவப்பணு ஃபில்டரை மாட்டினால் பிளேட்லெட் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளணு நீக்கிய ஒற்றைக் கொடையாளர் பிளேட்லெட் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மன்னார்குடி அப்பா

நன்றி சார். சேமிக்கும் முன்பே வடிகட்டிய பை என்று இந்த முறை எழுதி வாங்கப்போகிறேன். மகளுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறோம்: தேதி, ஏற்றும் முன் ஹீமோகுளோபின், முன்னும் பின்னும் வெப்பநிலை, என்ன ஃபில்டர். வேறு என்ன எழுத வேண்டும்?

ரத்த வங்கி டெக்னீஷியன், கும்பகோணம்

பையின் எண், ரத்தம் எடுத்த தேதி. இரண்டும் லேபிளிலேயே இருக்கும், பையைத் திருப்பிக் கொடுக்கும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.