மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து:

மாமல்லபுரத்துக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது போயிருப்பேன். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடம் அதுதான். ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, சாயங்காலம் கடற்கரைக் கோயில், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், வீடு. இரண்டு வருடம் முன்பு மாசி மகத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனதுதான் வேறு மாதிரி அமைந்தது. இன்றைக்கும் மனதைவிட்டுப் போகவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. மறுநாள் காலையில் கடலில் தீர்த்தமாட வேண்டும் என்று முந்தைய நாளே அங்கே அறை எடுத்துத் தங்கினோம். இருட்டுகிற நேரத்தில் மணலில் இறங்கினால் கடற்கரைக் கோயிலை ஒட்டி ஒரு ஊரே முளைத்திருந்தது. நான்கு கழியை நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டிய கூடாரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று கல் அடுப்பு. பிள்ளைகள் அலையோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டபோதுதான் தெரிந்தது, அவர்கள் இருளர் பழங்குடி மக்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து வருடா வருடம் மாசிப் பௌர்ணமிக்கு இங்கே கூடுகிறார்களாம்.

ஒரு பாட்டி ஈர மணலைக் கையால் வாரி வாரித் தட்டிப் படி செய்துகொண்டிருந்தார். ஏழு படி. படிக்குப் படி பூ, வெற்றிலை, வாழைப்பழம், பொரி, அகல் விளக்கு. அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "யாருக்குப் பாட்டி இது?" என்று நான் கேட்டேன்.

"கன்னியம்மாவுக்கும்மா. அவ கோச்சிக்கினு கடலுக்குள்ள பூட்டா. வருசத்துக்கு ஒரு நாளு புள்ளைங்கள்லாம் வந்து கூப்ட்டாத்தான் நம்மகூட ஊட்டுக்கு வருவா."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏழு பேருமா?" என்று கேட்டார். பாட்டி தலையாட்டினார். அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டிலும் ஏழு கன்னித் தெய்வங்களான கன்னிமார்தான் குலதெய்வம். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஏரிக்கரையில் ஏழு கல். அதை அம்மா சொல்லி நான் கேட்டது சின்ன வயதில். தாத்தா போன பிறகு 30 வருடமாக நாங்கள் யாரும் அங்கே போகவில்லை. பாட்டி ஒரு அகலை அம்மா கையில் கொடுத்து மேல்படியில் வைக்கச் சொன்னார். காற்றில் அது இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பாட்டியின் பேத்தி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். நின்று எரிந்தது.

ராத்திரி முழுக்கப் பாட்டும் பம்பைச் சத்தமும். சில பெண்களுக்கு அருள் வந்து குறி சொன்னார்கள். விடியும் நேரத்தில் அதே மணலில் கல்யாணங்கள் நடந்தன. ஒரு பக்கம் குழந்தைக்கு மொட்டை, ஒரு பக்கம் காதுகுத்து. மஞ்சள் கயிற்றைக் கட்டியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் கும்பிட்டது கடலைத்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

திருவல்லிக்கேணியிலிருந்து:

அம்மா, அன்று காலையில் பெருமாளையும் சேவித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாசி மகத்தன்று தலசயனப் பெருமாளும் ஆதிவராகரும் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கும். இந்தக் கடலுக்கு அர்த்த சேது என்று பெயர். ராமேசுவரத்தில் நீராடுவதில் பாதிப் பலன் இங்கே கிடைக்கும் என்பார்கள் பெரியவர்கள். பூதத்தாழ்வார் அவதரித்ததும் இந்த ஊரில்தான்.

என் தகப்பனார் அலையில் நின்றபடி எனக்குச் சொன்ன கதை ஒன்று உண்டு. புண்டரீக மகரிஷி பாற்கடலில் இருக்கும் பெருமாளுக்குத் தாமரை சாத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடல் வழிமறித்தது. கையாலேயே இறைத்து வழி உண்டாக்கிவிடலாம் என்று உட்கார்ந்து இறைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கிழவர் வந்து, "பசிக்கிறது, சோறு கொண்டு வா, அதுவரை நான் இறைக்கிறேன்" என்றார். ரிஷி சோற்றோடு திரும்பி வந்தபோது, கிழவராக வந்த பெருமாள் அந்தத் தாமரைகளைச் சூடிக்கொண்டு வெறும் தரையில் படுத்திருந்தார். பாம்பணை கிடையாது. அதனால்தான் தலசயனம்.

அந்தக் காலையில் தீர்த்தவாரிக்காக நான் காத்திருந்தபோது, ஈரப் புடவையோடு ஓர் இருளர் பெண், இடுப்பில் குழந்தை, கூட்டத்துக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் விலகி, "முன்னால வாம்மா, குழந்தைக்குக் காட்டு" என்றார். அவள் வந்தாள். சடாரி சாதித்தபோது குழந்தை அழவில்லை, சிரித்தது. 40 வருடமாக மாசி மகத்துக்குப் போகிறேன். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிரிப்புதான்.

கல்பாக்கத்திலிருந்து:

நான் மாசி மகத்துக்குப் போனதில்லை. ஆனால் இந்தக் கரையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது, அலைக்கு அடியில் வரிசையாகப் பாறைகள் தெரிந்ததாக மாமல்லபுரம் குப்பத்து மீனவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நாங்கள் அன்று பறிகொடுத்தவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மணலை வாரிக்கொண்டு போன அலை சில சிற்பப் பாறைகளை வெளியே விட்டுப்போனது.

வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகைக்குப் பக்கத்தில், ஒரு முருகன் கோயிலே வெளிவந்தது. 2005க்குப் பிறகு தொல்லியல் துறை தோண்டிப் பார்த்ததில், பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருந்தது. முருகனுக்குப் பொன் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளும் கிடைத்தன. என் மகனை அங்கே கூட்டிப் போனேன். நாங்கள் இரண்டு பேர், சவுக்குத் தோப்புச் சத்தம், மணலுக்குக் கீழே அந்தச் செங்கல் வரிசை. கல்லில் செய்த வேல் ஒன்று வாசலில் நிற்கிறது. "அப்பா, இது எத்தனை வருசம் மண்ணுக்குள்ள இருந்துச்சு?" என்றான். நூற்றுக்கணக்கான வருடம் என்று சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடற்கரைக் கோயிலையும் அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். 40 ரூபாய்ச் சீட்டுக்கு அரை நாள் இருக்கலாம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழும்பியது. கிழக்கும் மேற்கும் பார்த்த இரண்டு சிவன் சன்னதிகள், நடுவே பள்ளிகொண்ட திருமால். உப்புக்காற்று தின்று சிற்பங்களின் முகம் மழுங்கிப்போயிருக்கிறது. காகிதக் கூழைக் கல்லின்மேல் பூசி, அது காயும்போது உள்ளே இறங்கிய உப்பை இழுத்து எடுக்கிறார்கள். வேலை செய்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன். காய்ந்த கூழை உரித்துவிட்டு மறுபடி பூசுவதாகச் சொன்னார். புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

மதுராந்தகத்திலிருந்து:

குரோம்பேட்டை அக்காவுக்கு நன்றி. இருளர் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

கடற்கரையில் ஏன் கல்யாணம் என்று பலர் கேட்கிறார்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு என்று வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே இரண்டு குடும்பம், மூன்று குடும்பமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். அண்ணன் தம்பியே ஒருவரை ஒருவர் பார்க்க வருடம் ஆகும். எல்லோரும் ஒன்றாகச் சேருவது மாசி மகத்துக்குத்தான். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது எல்லாம் அங்கேயே நடந்துவிடும். மண்டபச் செலவு இல்லை, கடனும் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் நின்று தவித்த சமூகம் இது. 1978இல் வடநெம்மேலியில் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான விஷம் அங்கே எடுக்கப்படுகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பெயரில் இருக்கும் மாசியைப் பாருங்கள்.

என் மாணவன் ஒருவன் சாதிச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு இரண்டு வருடம் நடந்தான். "இருளர்னு எப்படி நம்புறது?" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வருடம் மாசி மகத்துக்கு என்னையும் கூட்டிப் போனான். அவன் அப்பா மணல் படி கட்டியபோது, "சார், எங்க அப்பா கட்றத அவங்க வந்து பாத்தா நம்புவாங்கல்ல?" என்று கேட்டான். எனக்குப் பேச்சே வரவில்லை. சான்றிதழ் பிறகு கிடைத்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அருள் வந்த பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். கூடாரம் என்பது அன்றைக்கு அவர்கள் வீடு. கூப்பிட்டால் உள்ளே போய் உட்காருங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று தோன்றினால் பொரி, பழம், கற்பூரம் வாங்கிப் போங்கள். குடிதண்ணீர் கேன் கொண்டு போனால் இன்னும் நல்லது, அவ்வளவு கூட்டத்துக்கு அங்கே போதுவதில்லை.

குரோம்பேட்டையிலிருந்து:

தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த மாணவனைப் பற்றிக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒன்று எழுத விட்டுப்போயிற்று. காலையில் நாங்கள் கிளம்பும்போது அந்தப் படிகளில் நான்கை அலை கொண்டுபோயிருந்தது. பாட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்து, "உங்க ஏழு பேரயும் போய்ப் பாத்தியாம்மா? பாக்காம இருக்காத. அவங்களும் கோச்சிப்பாங்க" என்றார்.

இரண்டு வருடமாக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்று அம்மாவின் சித்தப்பா மகனுக்கு ஃபோன் செய்தேன். ஏரிக்கரையில் சாலை போட்டபோது இரண்டு கல் புதைந்துவிட்டதாம், ஐந்து இருக்கின்றனவாம். "தோண்டி எடுத்துரலாம் அக்கா, நீங்க வாங்க" என்றான். வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவும் நானும் வந்தவாசி பஸ் ஏறுகிறோம். ஏழு அகல் வாங்கி வைத்திருக்கிறார் அம்மா.