ஆண்ட்ரோபாஸ்: 'நிறுத்தம்' வேண்டாம், 'ஆண்மை'யும் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வயதாக ஆக ஆண்களின் இயக்குநீர் (ஹார்மோன்) குறைவதைச் சொல்லும் ஆண்ட்ரோபாஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், 'ஆண் மாதவிடாய் நிறுத்தம்', 'ஆண்மை ஓய்வு' என்று இரண்டு சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்களுக்கு ஐம்பது வயதையொட்டிச் சில ஆண்டுகளில் சினைப்பையின் வேலை ஓய்ந்துவிடுகிறது. அங்கே நிறுத்தம் சரி. ஆண்களுக்கு அப்படி எதுவும் நிற்பதில்லை. நாற்பதை ஒட்டி, ஆண்களின் முக்கிய இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு இறங்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான். எழுபதிலும் பலருக்கு விந்தணு உற்பத்தியாகிறது.

'ஆண்மை' இன்னும் மோசம். பரிசோதனைத் தாளில் ஓர் எண் குறைந்ததும், தானே குறைந்துபோனதாக ஒருவர் குமைந்துபோவார். அந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கிற விளம்பரங்களுக்கு நாமே சொல்லெடுத்துக் கொடுக்கக் கூடாது.

என் பரிந்துரை இது. வயதோடு வரும் இயல்பான சரிவுக்கு 'ஆண் இயக்குநீர் இறக்கம்'. அறிகுறிகளும் இருந்து, வெவ்வேறு நாள்களில் காலையில் எடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளிலும் அளவு குறைந்திருந்தால் மட்டும் 'ஆண் இயக்குநீர்க் குறைபாடு'. இந்தப் பிரிவினை முக்கியம். அறிகுறியையும் அளவையும் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆய்வில், 40 முதல் 79 வயதுள்ள ஆண்களில் சுமார் 2 விழுக்காட்டினருக்கே குறைபாடு இருந்தது. மற்றவர்களை நோயாளியாக்கும் சொல் நமக்கு எதற்கு?

அடுத்து, டெஸ்டோஸ்டிரோனை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சைக்கான சொல். 'இயக்குநீர் மாற்று' என்றால் மாற்று மருத்துவம் நினைவுக்கு வருகிறது. 'இயக்குநீர் ஊட்டம்' என்று ஒரு அன்பர் சொன்னது காதுக்கு இனிமைதான், ஆனால் சத்து மருந்து போல ஒலிக்கிறது. இது அப்படி எளிதான மருந்தல்ல. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளையடிச் சுரப்பி தன் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. விந்தகத்தின் சொந்தச் சுரப்பு படுத்துவிடுகிறது, விந்தணுவும் குறைகிறது. குழந்தை வேண்டும் என்றிருப்பவருக்கு இது சாதாரண விஷயமா? சிவப்பணுக்களும் கூடுகின்றன. இதய நோய் ஆபத்துள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டும் சற்று அதிகம். ஆகவே 'இயக்குநீர் ஈடுசெய் சிகிச்சை' என்கிறேன். குறைந்ததை ஈடுகட்டுவது என்ற பொருளும் வருகிறது, மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்பதும் தெரிகிறது.

டெஸ்டோஸ்டிரோனை மட்டும் தமிழாக்க வேண்டாம். மருந்துச் சீட்டில் இருப்பதும் நாம் எழுதுவதும் ஒன்றுதான் என்று படிப்பவருக்கு உடனே புரிய வேண்டும்.