புதுப்பிப்பு: டென்மார்க் தோழியும் சென்னை ராத்திரியும்

எங்க காலேஜுக்கு எக்ஸ்சேஞ்ச்ல வந்திருக்கிற டென்மார்க் பொண்ணை ராத்திரி எங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட்.

பப் நடக்காது. தமிழ்நாட்டுல குடிக்க 21 ஆகணும், அவளுக்கு 20. அதனால பெசன்ட் நகர் பீச். அங்க இருக்கிற ஷ்மிட் நினைவுச்சின்னம், 1930ல கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரருக்குன்னு சொன்னதும் உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுட்டா!

அப்புறம் சௌகார்பேட்டையில முறுக்கு சாண்ட்விச். ரெண்டு குட்டி முறுக்குக்கு நடுவுல தக்காளி, வெள்ளரிக்காய், சட்னி. பாதி கடிச்சா மீதி சட்டை மேலதான். பக்கத்துல நின்ன ஆன்ட்டி, "முழுசா வாயில போடும்மா"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. அவங்க பொண்ணு இப்ப எங்க வாட்ஸ்அப் குரூப்ல.

அடுத்து விடியக்காலை காசிமேடு மீன் ஏலம் பார்க்கணுமாம். யாருப்பா எழுந்திருக்கிறது?