இரண்டே சர்வரில் கிளஸ்டர்: மூன்றாவது ஓட்டுக்கு என்ன செய்வது?

எங்கள் அலுவலகத்தில் 40 பேர். கணக்கு மென்பொருள், ஃபைல் சர்வர் என்று தனித்தனியாக ஓடும் 5 பழைய பெட்டிகளை 2 புதிய சர்வர்களுக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக (ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கணினிகள்) அடக்கப் பார்க்கிறேன். அவற்றை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போட்டு, இரண்டு சர்வரையும் ஒரே குழுவாக, அதாவது கிளஸ்டராக ஆக்கியாயிற்று.

சோதனைக்கு ஒன்றின் பவர் கேபிளைப் பிடுங்கினேன். மற்றது 'குவோரம் இல்லை', அதாவது பெரும்பான்மை ஓட்டு இல்லை என்று முரண்டு பிடிக்கிறது. நின்றிருந்த மெஷினைக் கிளப்பவே விடவில்லை. சர்வருக்கு ஒரு ஓட்டு; இரண்டில் ஒன்று பெரும்பான்மை ஆகாது, சரி. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்னக் கணினியில் கியூடிவைஸ் (ஓட்டு மட்டும் போடும் துணை) வைத்தால் போதுமா, இல்லை மூன்றாவது சர்வரே வாங்க வேண்டுமா?

அப்புறம், இரண்டு சர்வருக்கும் பொதுவான ஷேர்டு ஸ்டோரேஜ் கிடையாது. ஒரு சர்வரின் தரவை மற்றதுக்கு நகலெடுக்கும் இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. நடுவில் சர்வர் விழுந்தால் கடைசி நகலுக்குப் பிறகு ஏற்றிய பதிவுகள் போச்சு. கணக்குப் பிரிவு என்னைச் சும்மா விடாது. இடைவெளியை 1 நிமிடமாகக் குறைத்து ஓட்டியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.