பனங்கட்டைக் காலில் யூ ஆணி உடைகிறது, முள்கம்பி தளர்கிறது: வேலிக் குறடு பயன்படுத்துவோரின் உதவி தேவை

தேரித்தோட்டம் (உடன்குடி வட்டாரம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உடன்குடிக்கு மேற்கே தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் எங்களுக்கு ஒரு முருங்கைத் தோட்டம் இருக்கிறது. அதைச் சுற்றி என் தந்தையார் காலத்தில் நட்ட பனங்கட்டைக் கால்களில் நான்கு வரிசை முள்கம்பி யூ ஆணியால் (இரு கால்கள் கொண்ட வளைந்த ஆணி) அடித்து நிறுத்தப்பட்டுள்ளது. கடற்காற்றில் கம்பி துருவேறிப் பல இடங்களில் அறுந்துவிட்டதால் ஆடுகள் உள்ளே புகுந்து இளங்கன்றுகளைக் கடித்துவிடுகின்றன. கால்கள் மட்டும் வைரம் பாய்ந்து இன்றும் உறுதியாக நிற்கின்றன. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அது இல்லாவிட்டாலும் வேலிக்காகப் பனையை வெட்ட எனக்கு மனம் வராது. ஆகவே இருக்கும் கால்களில் ஒன்றைக்கூடப் பிளக்கவிடாமல் பழைய ஆணிகளைப் பிடுங்கி, புதிய 12 கேஜ் தடிமனுள்ள முள்கம்பியைக் கட்ட விரும்புகிறேன்.

இதற்காக ஒரு வேலிக் குறடு வாங்கியிருக்கிறேன். பத்தரை அங்குல நீளம்; தலையின் ஒரு பக்கம் சுத்தியல் முகம், மறுபக்கம் வளைந்த கூர் மூக்கு; நடு ஆணிக்கு இருபுறமும் கம்பி வெட்டும் பள்ளங்கள்; கைப்பிடிகளுக்கு இடையே கம்பியைக் கவ்வும் பல்வரிசை. கருவி கனமாகவும் நன்றாகவும் இருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் வேலை தடைப்படுகிறது.

முதலாவதாக, மூக்கை ஆணியின் வளைவுக்குக் கீழே நுழைத்து நெம்பினால் மூக்கு வழுக்கிவிடுகிறது. வழுக்காத இடங்களில் ஆணியின் வளைவு மட்டும் ஒடிந்து கால்கள் இரண்டும் மரத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இரண்டாவதாக, குறட்டால் கம்பியைக் கவ்வி, அதன் தலையைக் காலில் ஊன்றி நெம்பி இழுத்து ஆணி அடித்தாலும், ஒரு பக்கத்தின் முழு நீளமான ஏறத்தாழ 100 மீட்டருக்கும் கம்பி தொய்வாகவே இருக்கிறது. மூன்றாவதாக, சற்றே பலமாக இழுத்தால் மூலைக்கால் உள்பக்கம் சாய்கிறது. குறட்டைப் பிடிக்கும் முறையில் மாற்றம் வேண்டுமா, அல்லது இதற்கு வேறு கருவி தேவையா என்று அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

நெல்லைக் கொல்லுப்பட்டறை எழுதியது:

அண்ணாச்சிக்கு வணக்கம். ஆணி பிடுங்குவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கம்பி இழுப்பதைப் பற்றி வேலி போடுகிறவர்கள் சொல்லட்டும்.

கடையிலிருந்து வரும் வேலிக் குறடுகளின் மூக்கு பெரும்பாலும் மொண்ணையாகவே இருக்கும். மூக்கின் நுனி, ஆணி வளைவுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைவிடத் தடிமனாக இருந்தால், அது உள்ளே போகாமல் வளைவின் முதுகில் ஏறி வழுக்கத்தான் செய்யும். நுனியின் உள்பக்கத்தை மட்டும் அரத்தாலோ சாணைக்கல்லாலோ மெல்லச் சீவி, உளியின் நுனிபோல் ஆக்கிக்கொள்ளுங்கள். மின்சாணையில் பிடிப்பதாக இருந்தால் அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுக்க வேண்டும். இரும்பில் நீல நிறம் ஏறும் அளவுக்குச் சூடாகிவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விடும். பிறகு மூக்கு வளையும். எந்தக் காரணத்துக்காகவும் அதை உலையில் வைக்க வேண்டாம்.

அடுத்து, துருப்பிடித்த ஆணியை எடுத்தவுடன் வெளியே இழுக்கக் கூடாது. துரு ஆணியின் காலையும் பனை நாரையும் ஒன்றாகப் பிணைத்திருக்கும். முதலில் சுத்தியலால் ஆணியை ஓர் இழை அளவு உள்ளே தட்டுங்கள். அந்தத் தட்டலில் துருவின் பிடி விடும். அதன்பின் மூக்கின் நுனியை வளைவின் பக்கவாட்டில் வைத்து, குறட்டின் சுத்தியல் முகத்தைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடித்து மூக்கை உள்ளே செலுத்துங்கள். இதற்கு இரும்புச் சுத்தியலைப் பயன்படுத்தாதீர்கள். பதம் ஏற்றிய இரும்பின்மேல் இரும்பு மோதினால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். கொட்டாப்புளி என்றாலும் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.

மூக்கு நுழைந்த பிறகு குறட்டை மேலும் கீழுமாக, அதாவது பனை நார் ஓடும் திசையிலேயே சாய்த்து நெம்ப வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் ஆணியின் கால்கள் முறுக்கேறி ஒடியும். மரத்தின் மேற்பரப்பும் நசுங்கும். குறட்டின் தலைக்குக் கீழே ஒரு தகட்டையோ மெல்லிய மரத்துண்டையோ வைத்துக்கொண்டால் காலும் நசுங்காது, நெம்பும் உயரமும் கூடும். ஆணி அரை அங்குலம் வெளியே வந்தவுடன் மூக்கை விட்டுவிட்டுக் குறட்டின் வாயால் கவ்வி உருட்டி எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒடியும் ஆணிகள் சில இருக்கும். அவற்றைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை மரத்தோடு மட்டமாக அடித்துவிட்டு, இரண்டு அங்குலம் தள்ளிப் புதிய ஆணியை அடியுங்கள். பனையின் வலிமை முழுவதும் வெளிச்சுற்றில் இருக்கும் கருநாரில்தான் உள்ளது, உட்சோறு மென்மையானது. வெளிச்சுற்றைத் தோண்டினால் அந்த வழியாக மழைநீர் இறங்கிக் கால் உள்ளிருந்து உளுத்துவிடும். ஆணி வந்த பழைய துளைகளையும் தார் வைத்து அடைத்துவிடுங்கள்.

தேரித்தோட்டம் எழுதியது:

மிக்க நன்றி அண்ணாச்சி. மூக்கின் உள்பக்கத்தைச் சீவிக்கொண்டு, முதலில் உள்ளே தட்டிப் பிறகு நெம்பியதில் பெரும்பாலான ஆணிகள் முழுமையாக வந்துவிட்டன. கடற்காற்று நேராகப் படும் கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஆணிகள் மெலிந்து போயிருப்பதால் அங்கே கூடுதலாக ஒடிகின்றன. அவற்றை நீங்கள் சொன்னபடி மட்டமாக அடித்துவிட்டேன். கம்பி இழுப்பது குறித்து யாரேனும் வழி காட்ட வேண்டுகிறேன். கால்களுக்கு இடையே மூன்று மீட்டர் இடைவெளி உள்ளது. மூலைக்கால்கள் மணலுக்குள் ஏறத்தாழ மூன்றடி இறங்கியுள்ளன. அவற்றுக்கு உதைகால் (சாயாமல் தாங்கும் முட்டுக்கட்டை) இல்லை.

கம்பிவேலி ஒப்பந்ததாரர் (திண்டுக்கல்) எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. மூலைக்கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குத்தான் கம்பியை இழுக்க முடியும். கையில் இருப்பது எந்தக் கருவியாக இருந்தாலும் இதுதான் நிலைமை. ஒரு கம்பியில் 60 கிலோ இழுவிசை கொடுத்தால் நான்கு வரிசைக்கு 240 கிலோ ஆகிறது. அதுவும் காலின் மேற்பகுதியில் விழும் இழுப்பு. உதைகால் இல்லாமல் தேரி மணலில் மூன்றடி ஆழத்தில் நிற்கும் கட்டை அதைத் தாங்காது.

முதலில் மூலையைக் கட்டுங்கள். ஒவ்வொரு மூலையிலும், வேலி செல்லும் இரு திசைகளிலும், மூலைக்காலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு உறுதியான காலை நட்டு, இரண்டின் மேற்பகுதிக்கும் இடையே கிடைமட்டமாக ஒரு கட்டையைப் பொருத்த வேண்டும். பிறகு மூலைக்காலின் அடியிலிருந்து இரண்டாம் காலின் உச்சிக்கு மூலைவாட்டமாகக் கம்பியை இரட்டையாகச் சுற்றி, நடுவே ஒரு கம்பைக் கொடுத்து முறுக்கி இறுக்க வேண்டும். திசையைக் கவனித்துக்கொள்ளுங்கள்: மூலைக்காலில் அடி, இரண்டாம் காலில் உச்சி. பலர் இதை மாற்றிக் கட்டிவிட்டு, கால் ஏன் சாய்கிறது என்று கேட்கிறார்கள். வேலி இழுக்கும்போது கிடைக்கட்டை இரண்டாம் காலின் உச்சியைத் தள்ளும். அந்த உச்சியை மூலைக்காலின் அடியோடு பிடித்து நிறுத்துவது இந்தக் கம்பிதான். மணல் மிகவும் தளர்வாக இருந்தால், மின்கம்பங்களுக்குப் போடுவதுபோல வேலிக்கு வெளியே நான்கடி ஆழத்தில் ஒரு பெரிய கல்லைப் புதைத்து, அதிலிருந்து காலை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியும் கொடுக்கலாம். வேலி எந்தத் திசையில் இழுக்கிறதோ அதற்கு நேர் எதிரில் ஸ்டே இருக்க வேண்டும் என்பதால் ஒரு மூலைக்கு இரண்டு ஸ்டே தேவைப்படும்.

இப்போது குறட்டுக்கு வருகிறேன். கைப்பிடியின் நீளத்தால் குறட்டுக்கு விசை நிறையக் கிடைக்கிறது. ஆனால் ஒரு நெம்புக்குக் கம்பி ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோதான் நகரும். 100 மீட்டர் கம்பியில் சுருள் வளைவுகளாகவே ஓரிரு அடி தொய்வு ஒளிந்திருக்கும்போது, ஒவ்வோர் அங்குலமாக இழுத்து ஆணியால் பிடித்து முடிக்க இயலாது. ஆணியும் ஒவ்வொரு முறையும் சிறிது விட்டுக்கொடுக்கும். அறுந்த கம்பியை ஒட்டுப்போடுவது, இரண்டு கால்களுக்கு இடையிலான சிறு தொய்வை எடுப்பது, ஆணி அடிக்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொள்வது ஆகியவற்றுக்குக் குறடு மிகச் சிறந்தது. முழு நீளத்தையும் இழுக்க, சங்கிலியோ வடமோ கொண்ட ராட்செட் புல்லரும் (பின்னோக்கி நழுவாமல் படிப்படியாக இழுக்கும் கருவி), இழுக்க இழுக்க இறுகும் கம்பிப் பிடியும் தேவை. மின்சாமான், வன்பொருள் கடைகளில் கிடைக்கும். வாடகைக்குக் கிடைத்தாலே போதும்.

கம்பி எந்த அளவுக்கு இறுகியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். 12 கேஜ் இரட்டை முள்கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் எடை இருக்கும். மூன்று மீட்டர் இடைவெளியில் 50 கிலோ இழுவிசை இருந்தால், தன் எடையால் அது இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தொங்காது. ஐந்து சென்டிமீட்டர் தொங்குகிறது என்றால் அதில் இருப்பது இரண்டு மூன்று கிலோ இழுவிசை மட்டுமே. ஆகவே தொய்வு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த இடத்திலிருந்து இன்னும் சிறிது இழுத்தால் போதும். வீணைத் தந்திபோல ஒலிக்கும் வரை இழுக்க வேண்டியதில்லை. இரும்பு சூட்டில் நீளும். 20 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு 100 மீட்டர் கம்பி 24 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். நண்பகலில் அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால், விடியற்காலைக் குளிரில் 40, 50 கிலோ வரை கூடுதல் இழுப்பு மூலைக்காலின்மேல் விழக்கூடும். காலை வேளையில் கட்டுவதே நல்லது.

கதியால் வேலி (கிளிநொச்சி) எழுதியது:

வணக்கம். எங்கள் பகுதியிலும் மணற்பாங்கான காணிகளில் பனங்குற்றிகளில் முட்கம்பி அடிப்பதுண்டு. ராட்செட் கிடைக்காத இடத்தில் நாங்கள் அலவாங்கை (கடப்பாரை) கொண்டு இழுக்கிறோம். மூலைக்கட்டைக்கு அப்பால் கம்பியை அலவாங்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, அலவாங்கின் நுனியை நிலத்தில் ஊன்றி, கட்டையில் சாய்த்து ஒருவர் நெம்ப, மற்றவர் ஆணி அடிப்பார். ஒரு பக்கத்தை இழுக்க இரண்டு பேர் போதும்.

கம்பி வழுக்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். குறட்டின் பல்வரிசையை வெறும் கம்பியில் கவ்வாமல், ஒரு முள்முடிச்சுக்குச் சற்று முன்னால் கவ்வினால், முடிச்சு குறட்டில் வந்து முட்டி நின்றுவிடும். 1874ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற அமைப்பில் இரண்டாம் கம்பியைச் சேர்த்து முறுக்கியதே முள் நகராமல் இருப்பதற்காகத்தான். நாம் இன்று வாங்கும் கம்பியும் அந்த அமைப்புத்தான். வெறும் கம்பியில் பற்கள் அழுந்தினால் துத்தநாகப் பூச்சு உரிந்து, கடற்கரைக் காற்றில் அந்த வடுவிலிருந்தே துருத் தொடங்கும்.

கம்பிவேலி ஒப்பந்ததாரர் (திண்டுக்கல்) எழுதியது:

முள்முடிச்சில் முட்டுக்கொடுத்துக் கவ்வும் முறையை நானும் வழிமொழிகிறேன். கடப்பாரையில் சுற்றி இழுக்கும் முறையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இழுப்பின்போது கடப்பாரை நழுவினால், அது நெம்புகிறவரின் முகத்துக்குத்தான் வரும். ராட்செட் நின்ற இடத்தில் நிற்கும்; கையை எடுத்தாலும் பிடி விடாது. கிளிநொச்சி நண்பரின் கைப்பழக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதன்முறையாகக் கம்பி இழுக்கும் ஒருவருக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

எந்த முறையில் இழுத்தாலும், இழுப்பில் இருக்கும் கம்பியின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கம்பிக்கும் உங்களுக்கும் இடையே ஒரு கால் இருக்குமாறு நில்லுங்கள். தடித்த தோல் கையுறை கட்டாயம். டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பி அறும் தருணம் ஓட்டுநருக்குத் தெரியாது.

கதியால் வேலி (கிளிநொச்சி) எழுதியது:

அலவாங்கு நழுவும் ஆபத்து உண்மைதான். நுனியை ஊன்றக் குழி எடுக்காமல் நாங்களும் இழுப்பதில்லை. ராட்செட் வாடகைக்குக் கிடைக்குமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேரித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வடக்குப் பக்கத்தின் இரு மூலைகளிலும் கிடைக்கட்டையும் மூலைவாட்டக் கம்பியும் கொடுத்து, வெளியே கல் புதைத்து ஸ்டேயும் கட்டிவிட்டோம். வாடகைக்கு எடுத்த ராட்செட்டால் மேல் வரிசையை இழுத்ததில் கால் சிறிதும் அசையவில்லை, தொய்வும் மறைந்துவிட்டது. இப்போது யூ ஆணி அடிப்பதில் ஓர் ஐயம். அடித்த ஆணிகளில் சில பனங்கட்டையில் நேர்க்கோட்டு வெடிப்பை உண்டாக்குகின்றன. மேலும் மேற்கு ஓரத்தில் நிலம் ஒரு பள்ளமாக இறங்கி ஏறுகிறது. அங்கே கம்பி ஆணியை மேல்நோக்கி இழுக்கிறது.

நெல்லைக் கொல்லுப்பட்டறை எழுதியது:

அண்ணாச்சி, கம்பி கிடைமட்டமாகச் செல்வதால் ஆணியின் இரு கால்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நாரில் இறங்குகின்றன, அதனால்தான் வெடிக்கிறது. ஆணியைச் சற்றே சாய்த்து வைத்து அடித்தால் இரு கால்களும் வெவ்வேறு நாரில் இறங்கும். வைரம் மிகுந்த கட்டைகளில் ஆணியின் காலைவிட மெல்லிய துரப்பணத்தால் முதலில் துளையிட்டுக்கொள்ளுங்கள். இடைக்கால்களில் ஆணியைக் கம்பியோடு ஒட்ட அடித்துவிடாமல், ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் அளவு இடைவெளி விட வேண்டும். அப்போதுதான் கம்பி வெயிலிலும் குளிரிலும் தடையின்றி ஓடும். பின்னாளில் மறுபடி இழுத்துக் கட்டவும் முடியும். ஆணியைப் பிடுங்க நேர்ந்தால் மூக்கு நுழையவும் இடம் இருக்கும். மூலைக்காலில் ஆணியை நம்பாமல் கம்பியைக் கட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன்மேலேயே முறுக்கி முடியுங்கள்.

பள்ளத்தில் உள்ள காலில் ஆணியின் நுனி சற்று மேல்நோக்கிச் செல்லுமாறு அடியுங்கள். மேட்டில் உள்ள காலில் கீழ்நோக்கி. அப்போது கம்பி இழுக்கும் திசையும் ஆணி கழன்று வரும் திசையும் ஒன்றாக அமையாது. பள்ளம் ஆழமாக இருந்தால் அங்குள்ள கால் மணலிலிருந்து மேலே உருவிவரக்கூடும். அந்த ஒரு காலின் அடியில் குறுக்குக்கட்டை ஒன்றை ஆணியடித்துப் புதைத்துவிடுங்கள்.